"ரூமில போடுங்கோ" என்று சொன்ன பிறகு அந்த பில் எங்கே போகிறது?

ரிசோர்ட்டுகளில் நாள் முழுக்கக் காதில் விழும் வசனம் ஒன்று உண்டென்றால் அது "ரூமில போடுங்கோ" என்பதுதான். நீச்சல் தடாகத்தில் இருந்து ஏறி வருகிறவரின் ஈரக் காற்சட்டையில் பேர்ஸ் இருக்காது, பிள்ளை ஐஸ்கிறீம் கேட்டு நிற்கும், வெயிட்டர் பில் துண்டை நீட்டுவார், ரூம் நம்பரை எழுதி ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். காசு கைமாறவே இல்லை, அதனால் செலவழித்த மாதிரியும் இருக்காது. ஹோட்டல்காரருக்கு இது நன்றாகத் தெரியும். பேர்ஸை எடுக்க ரூம் வரைக்கும் போய் வர வேண்டும் என்றால் பாதிப் பேர் அந்த இரண்டாவது ஜூஸை வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

நான் கொழும்பில் ஒரு ஹோட்டலின் முன்மேசைக் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன், அதற்கு முன்னர் தென்கரைப் பக்கம் ஒரு ரிசோர்ட்டில் இரவுக் கணக்குப் பார்த்தேன். ரூம் கணக்கு என்பது ஊர்க் கடையில் இருக்கும் கடன் கொப்பி மாதிரிதான், வாங்க வாங்க எழுதிக்கொண்டு போவார்கள், கடைசியில் கூட்டிக் கட்டுவீர்கள். ஆனால் கடைக் கொப்பியில் எழுதுகிறவர் ஒருவர். இங்கே சாப்பாட்டு மண்டபம், பார், லோண்டரி, ஸ்பா, மினி பார் (ரூமுக்குள் விலைக்கு வைத்திருக்கும் குடிபானப் பெட்டி) என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள், எழுதுகிற பலருக்கு உங்கள் முகமே தெரியாது. அதனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: புறப்படுகிற நாள் காலையில் பில்லைப் பார்க்காதீர்கள், அதற்கு முதல் நாள் இரவே பாருங்கள். ஏன் இரவு என்று பிறகு சொல்கிறேன், முதலில் உள்ளே வரும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வரவேற்பு மேசையில் அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ வாங்கிக்கொண்டு ஒரு பதிவு அட்டையில் கையெழுத்துக் கேட்பார்கள். வெல்கம் டிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அதை வாசிப்பதில்லை. உலகத்தில் பெரும்பாலான ஹோட்டல்களின் அட்டையில் கீழே சின்ன எழுத்தில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்: இந்தக் கணக்கைக் கட்டுவதாகச் சொன்ன கம்பனியோ ஆளோ கட்டத் தவறினால் அதற்கு நானே பொறுப்பு. அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்து வைக்கிறீர்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கல்யாண சீசனில் தெரியும். ஆவணியிலும் தையிலும் கொழும்பு ஹோட்டல்களில் எங்கள் ஆட்களின் கல்யாணம் இல்லாத வார இறுதி குறைவு. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாகப் பத்து இருபது ரூம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருந்தும் லண்டன், ரொறன்ரோவில் இருந்தும் வருகிற சொந்தக்காரரைத் தங்க வைப்பார்கள். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருப்பது ரூம் வாடகையும் காலைச் சாப்பாடும் மட்டும். ஆனால் வந்திறங்கிய பெரியப்பாவுக்கு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேட்டி சால்வை லோண்டரிக்குப் போகும், இரவு இரண்டு மணிக்கு ரூம் சேர்விஸில் சான்ட்விச் வரும், மினி பாரில் இரண்டு பியர் குறையும். அடுத்த நாள் காலையில் மேசைக்கு வந்து பில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மாப்பிள்ளை வீட்டுக் கணக்கெல்லோ?" என்பார். "ரூம் வாடகை அவையள்தான் கட்டுகினம் ஐயா, இது எக்ஸ்ட்ரா" என்று மேசையில் நிற்கிற பெடியன் சொல்ல, அவர் உடனே போனை எடுத்து மாப்பிள்ளையின் தகப்பனைக் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், அதுவும் தமையன் கேட்கிறார், எந்த மனிதர் "நீங்களே கட்டுங்கோ" என்று சொல்வார்? "என்ர கணக்கில போடச் சொல்லுங்கோ" என்பார். பின்னால் வரிசையில் நிற்கிற சித்தப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்.

கல்யாணம் வைக்கிறவர்களுக்கு என் புத்திமதி இதுதான். ரூம்களுக்குக் கையெழுத்து வைக்கும்போதே, எக்ஸ்ட்ரா செலவு அவரவர் கட்டுவதா, நீங்கள் கட்டுவதா, கட்டுவதென்றால் ஒரு ரூமுக்கு எவ்வளவு வரை என்பதை எழுத்தில் கொடுங்கள். வேண்டுமானால் மினி பாரை வெறுமையாக வைக்கச் சொல்லலாம், செய்து தருவோம். குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் ஹோட்டல் பெடியன் சொல்லிக் கேட்பதை விட நீங்கள் சொல்லிக் கேட்பது பெரியப்பாவுக்கு மரியாதை. கம்பனி வேலையாகத் தங்குகிறவர்களுக்கும் கதை இதேதான்: ஒரே ரூமுக்குள் இரண்டு கணக்கு ஓடும், கம்பனி கட்டுவது ஒன்று, நீங்கள் கட்டுவது ஒன்று. எது எதில் விழ வேண்டும் என்று வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கார்ட். கடனட்டையைக் கேட்டு வாங்கி இழுத்தால் காசை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள். வாடகை பாக்கி இருந்தால் அதோடு, நாளுக்கு இவ்வளவு என்று எக்ஸ்ட்ரா செலவுக்கும் சேர்த்து. உங்கள் பில் அதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் பிடிப்பார்கள். போகும்போது உண்மையான தொகையை எடுத்துவிட்டு மீதியை விடுவிக்கச் சொல்வோம், ஆனால் விடுவது வங்கி, அதற்குச் சில நாள் எடுக்கும். கடனட்டை என்றால் லிமிட்டில் கொஞ்சம் குறையும், பெரிதாகத் தெரியாது. டெபிட் கார்ட் என்றால் உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கிற காசே கட்டுண்டு கிடக்கும், மாதக் கடைசியில் இது பெரிய இடைஞ்சல். ஆகவே டெபொசிட்டுக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கடைசியில் காசாகவோ வேறு கார்டிலோ கட்டுவதாக இருந்தால், முதலில் பிடித்ததை ரத்துச் செய்யச் சொல்லி அதற்கான துண்டை வாங்கிக்கொண்டு போங்கள். இதைக் கேட்காமல் போய்விட்டு ஒரு வாரம் கழித்து "இரண்டு தரம் காசு எடுத்துவிட்டீர்கள்" என்று கோபமாக வரும் போன் எங்களுக்குப் பழக்கமானது.

கார்டும் கொடுக்கவில்லை, முற்பணமும் கட்டவில்லை என்றால் கணினியில் உங்கள் ரூமுக்கு ஒரு பூட்டு விழும். பாரில் இருக்கிற வெயிட்டர் ரூம் நம்பரை அடித்தால் ஏற்காது, "சேர், காஷா கார்டா?" என்று கேட்பார். அவமானமாக எடுக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் இந்தப் பூட்டை நீங்களாகவே கேட்டு வாங்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி ரூம் எடுத்திருந்தால் அந்த ரூமுக்குப் போடச் சொல்லிவிடுங்கள், இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

வெயிட்டர் நம்பரை அடிக்கும்போது அந்த ரூமில் பதிந்திருக்கும் பெயர்கள் திரையில் வரும். நீங்கள் துண்டில் எழுதிய பெயரோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே காவல். கையெழுத்தை அங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நெரிசலான இரவில், கடற்கரைப் பாரில் கையால் எழுதிய துண்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து பிறகு உள்ளே அடிக்கும்போது 312 என்பது 321 ஆகும், 7 என்பது 1 ஆகும். இப்படித்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன, யாரும் ஏமாற்றி அல்ல. ஆகவே நம்பரோடு பெயரையும் தெளிவாக எழுதுங்கள், டிப்ஸ் கோடு வெறுமையாக இருந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள், துண்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

ஏமாற்றுவதும் இல்லாமல் இல்லை. காலைச் சாப்பாட்டு வாசலில் "ரூம் நம்பர்?" என்று கேட்டதும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி நம்பரையும் பெயரையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அந்த இரண்டும் போதும். ரிசப்ஷனில் சாவி கார்டைத் தரும்போது நம்பரை வாயால் சொல்லாமல் உறையில் எழுதிக் காட்டுவது இதற்காகத்தான். அந்த உறையை நீச்சல் தடாகக் கதிரையில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

சரி, ஏன் இரவே பார்க்கச் சொன்னேன்? ஹோட்டலுக்கு நாள் என்பது நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு முடிவதில்லை. பார் பூட்டி, கடைசி துண்டும் வந்த பிறகு, விடிகாலை இரண்டு மூன்று மணிபோல நைட் ஓடிட் என்று ஒரு வேலை நடக்கும். அப்போதுதான் அன்றைய வாடகையும் வரியும் ஒவ்வொரு ரூமிலும் ஏறும், யார் கணக்கு லிமிட்டைத் தாண்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும், பிறகு திகதி மாறும். இரவு ஒரு மணிக்குக் குடித்த கோப்பி முதல் நாள் திகதியில் நிற்பது இதனால்தான், அதைப் பிழை என்று சண்டை பிடிக்க வேண்டாம். முக்கியமானது வேறு. நாள் மூடுவதற்கு முன்னர் ஒரு பிழையைக் காட்டினால் அந்த வரியைச் சும்மா ரத்துச் செய்துவிடலாம், சுப்பர்வைசர் ஒருவர் போதும். நாள் மூடிய பிறகு அது முடிந்த விற்பனை. திருத்த வேண்டுமென்றால் கழிவு எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும், டியூட்டி மனேஜர் கையெழுத்து வைக்க வேண்டும், மறுநாள் கணக்குப் பகுதி ஏன் என்று கேட்கும். காலை பதினொரு மணிக்கு, விமான நிலையத்துக்குப் போகிற வான் வாசலில் நிற்க, உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்க, மேசையில் இருக்கிற பிள்ளை ஏன் தயங்குகிறது என்று இப்போது விளங்கும். இரவுச் சாப்பாடு முடிந்து ரூமுக்குப் போகும் வழியில் "இதுவரைக்கும் உள்ள பில்லை ஒருக்கால் பிரின்ட் எடுத்துத் தாங்கோ" என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த நேரம் எங்களுக்கும் வேலை குறைவு.

அந்தப் பில்லில் எங்கள் ஆட்களை அதிகம் திடுக்கிட வைப்பது தண்ணீர்ப் போத்தல். பெந்தோட்டை, பாசிக்குடா என்று ஹாஃப் போர்ட் எடுத்துப் போகிறவர்கள் இரவு பஃபேயும் காலைச் சாப்பாடும் உள்ளடங்கும் என்பதைக் குடிக்கிறதும் உள்ளடங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். பல இடங்களில் மேசையில் உடைத்த போத்தலுக்கும் பிள்ளையின் சோடாவுக்கும் தனி பில். மேசையில் இருப்பதற்கு முன்னரே கேளுங்கள். மெனு விலைக்கு மேலே 10 வீதம் சேவைக் கட்டணம் வரும், 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம், அதோடு எஸ்.எஸ்.சி.எல். எனப்படும் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி. பிளஸ் பிளஸ் என்று போட்டிருக்கும் 1,000 ரூபாய்ச் சாப்பாடு சேவைக் கட்டணமும் 18 வீதமும் சேர்ந்தாலே 1,298 ஆகிவிடும். நெட் என்று போட்டிருந்தால் அதுவே கடைசி விலை. சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேல் டிப்ஸ் உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் ரூம் பில்லில் எழுதாமல் கையில் கொடுங்கள், வாங்குகிறவருக்கு அதுதான் சந்தோஷம்.

வெளிநாட்டு ரிசோர்ட்டுகளுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சில இடங்களில் துண்டே கிடையாது, கையில் கட்டும் பட்டிதான். புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் 2013 இல் கொண்டுவந்த மேஜிக்பேண்ட் அப்படி ஒன்று, தொட்டுவிட்டு ரகசிய இலக்கத்தை அடித்தால் செலவு ரூமுக்குப் போகும். அந்த இலக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் பாடு. சில மினி பார்களில் சென்சர் இருக்கிறது, போத்தலைத் தூக்கி விலை பார்த்துக்கொண்டு நின்றாலே கணக்கில் ஏறிவிடும். அமெரிக்காவில் ரிசோர்ட் ஃபீ என்று நாளுக்கு ஒரு தொகை தனியே வரும், நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டாலும். 2025 மே மாதத்தில் இருந்து அதை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. பாங்கொக்கிலோ துபாயிலோ கட்டும்போது மெஷின் "இலங்கை ரூபாயா, உள்ளூர்க் காசா" என்று கேட்டால் உள்ளூர்க் காசையே தெரியுங்கள், ரூபாயில் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு பங்கு எடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, வெளியேறிய பிறகு ஏறும் பில். காலையில் குடித்த மினி பார் ஜூஸ், அவசரத்தில் சாப்பிட்ட காலைச் சாப்பாடு, ஸ்பாவில் இருந்து பிந்தி வந்த துண்டு, இவை நீங்கள் போன பிறகும் கோப்பில் இருக்கும் கார்டில் விழலாம். பதிவு அட்டையில் அதற்கும் சம்மதம் வாங்கியிருப்பார்கள். போகும்போது மினி பாரை யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள், முடிந்த பில்லை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது புதிதாக விழுந்தால் ரிசப்ஷனுக்குப் போன் எடுத்துக் கத்துவதை விட, திகதியும் தொகையும் போட்டு, கையெழுத்து வைத்த துண்டின் பிரதியைக் கேட்டுக் கணக்குப் பகுதிக்கு ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: துண்டைத் தேடி அனுப்புவோம், அல்லது துண்டு இல்லை என்று காசைத் திருப்பிவிடுவோம். இரண்டும் நடக்காவிட்டால் நாளைக் கடத்தாமல் வங்கியில் முறையிடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.