கண்ணாடியோரம் ஏறி இறங்கும் மீன்

"சார், மீன் கண்ணாடியை ஒட்டியே மேலும் கீழுமா ஓடிக்கிட்டு இருக்கு. என்ன மருந்து ஊத்தலாம்?"

கடல் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இந்தக் கேள்வியோடு போன் வராத வாரம் இல்லை. கேட்பவர் கையில் பெரும்பாலும் மருந்துப் புட்டி தயாராக இருக்கும். எத்தனை மூடி என்பதுதான் தெரிய வேண்டும். புட்டியைக் கீழே வையுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மூன்று விஷயம் கேட்பேன். எந்த நேரத்தில் ஓடுகிறது? தொட்டியின் எந்தப் பக்கத்தில்? செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது? பாதிப் பதில் இந்த மூன்றிலேயே கிடைத்துவிடும்.

அதற்கு முன், எந்த மீன் என்று தெரிய வேண்டும். டாங் வகை மீன்கள் பகலெல்லாம் பாறை பாறையாகப் போய்ப் பாசி மேய்கிறவை. ஓடாத டாங்தான் கவலைக்குரியது. க்ளவுன் மீன் உடம்பை ஆட்டி ஆட்டி நீந்துவது அதன் நடை. விளக்கு அணையும் நேரத்தில் சில ராஸ் மீன்கள் மணலைச் சுற்றிச் சுற்றி வந்தால், படுக்கைக்கு இடம் தேடுகின்றன என்று பொருள். உங்களைக் கண்டதும் முன் கண்ணாடிக்கு ஓடி வருகிறதா? பசி, வேறொன்றுமில்லை. நிறைய நீந்துவதில் தப்பில்லை. ஒரே கோட்டில், ஒரே இடத்தில், சாப்பாடு போட்டால்கூட நிறுத்தாமல் ஓடினால்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும், அதுவும் தொட்டி விளக்கு எரிந்து அறை இருட்டாக இருக்கும்போது மட்டும் ஓடினால், மீன் பார்ப்பது தன் பிம்பத்தையே. வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் கண்ணாடி முகம்பார்க்கும் கண்ணாடியாகிவிடும். டாங் மீனுக்குத் தன்னைப் போன்ற உருவம் எதிரே தெரிந்தால் ஆகவே ஆகாது. வெளிப்புறத்தில் ஒரு தாளை ஒட்டிப் பாருங்கள், அல்லது அறை விளக்கைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கினால் விஷயம் முடிந்தது.

நேர்மாறாக, ஒரு மீன் மேல்மூலையை விட்டு நகரவே இல்லை, துடுப்பு வேறு கிழிந்திருக்கிறது என்றால் யாரோ துரத்துகிறார்கள். நீங்கள் முன்னால் நிற்கும்போது துரத்தல் நின்றுவிடும், ஏனென்றால் எல்லாரும் சாப்பாட்டை எதிர்பார்த்து உங்களைப் பார்ப்பார்கள். போனை வீடியோவில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். பிறகு அந்த வீடியோவை ஓட்டிப் பாருங்கள்.

நேரம் பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் சொன்ன கேள்வியைப் போனில் கேட்டவரிடம் நேரம் கேட்டபோது, விடியற்காலையில் ஓட்டம் அதிகம், மதியம் வந்தால் சாதுவாகிவிடுகிறது என்றார். நோய் பொதுவாக இப்படி நேரம் பார்த்து வந்து போகாது. கடல் நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் பிடித்துவைக்கும் என்றால் கடல் நீர் 6.7தான். சூடு ஏற ஏற அதுவும் குறையும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும். விளக்கு அணைந்ததும் பாசியும் பவளமும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழிக்கத் தொடங்கும். கார்பன் டைஆக்சைடு ஏறும், பிஹெச் (நீரின் அமில-கார அளவு) இறங்கும். ஆக ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியும் முன்புதான். அவர் தொட்டியில் நீர்மேல் காற்றைத் தடுக்கும் எண்ணெய்ப் படலம் கட்டியிருந்தது. நீரோட்டம் தரும் பம்புகளான பவர்ஹெட் இரண்டும் கீழே பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் முன்பு ஸ்கிம்மரை (காற்றுக் குமிழிகளால் கழிவை அகற்றும் கருவி) கழுவியவர் திரும்ப சுவிட்சைப் போட மறந்திருந்தார்! ஸ்கிம்மர் ஓடியது, ஒரு பவர்ஹெட் மூக்கை மேல்பரப்புக்குத் திருப்பினோம். அடுத்த விடியலில் ஓட்டம் இல்லை. நோய் எதுவும் இல்லாத அந்தத் தொட்டியில் மருந்து ஊற்றியிருந்தால்? சில மருந்துகள் தண்ணீரில் ஆக்சிஜனை இன்னும் குறைக்கக்கூடியவை.

நாள் முழுக்க, எல்லா மீனும் சேர்ந்து தவித்தால் சந்தேகம் தண்ணீர் மேல் போக வேண்டும். முதலில் மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிஹெச் 7இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது. கடல் தொட்டியின் 8.2இல் அந்தப் பங்கு பத்து மடங்குக்கு மேல். டெஸ்ட் கிட்டில் அதே நிறம் வந்தாலும் ஆபத்து அதே அல்ல. அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது உருவாகும் நைட்ரைட் விஷயத்தில் கதை தலைகீழ்: உப்பிலுள்ள குளோரைடு செவுளில் அதை மறித்துவிடுவதால் கடல் மீன் நன்னீர் மீனைவிட நன்றாகவே தாங்கும்.

உப்பின் அளவையும் பார்த்துவிடுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீரை ஊற்றாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்காமல், ஒப்படர்த்தி 1.025 என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

புதிதாக வந்த மீன் ஓடுவது தனிக் கதை. நீண்ட பயணத்தில் பைக்குள் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால்தான் சேர்ந்த அம்மோனியா மீனைக் கொல்லாமல் இருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியா நச்சாக மாறும். நெடுந்தூரம் வந்த மீனின் பையைத் திறந்து வைத்து, அதே தண்ணீரில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல். உப்பளவும் சூடும் பொருந்தினால் சீக்கிரம் மாற்றிவிடுவதே மேல்.

புது மீன், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் நானும் ஒரு முறை கோட்டைவிட்டேன். ஒரு வாடிக்கையாளரின் தொட்டிக்கு வந்த புது டாங் முதலில் கண்ணாடியோரம் ஓடியது, அப்புறம் பவர்ஹெட் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டே நீந்தியது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. பழகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் செத்துப்போனது. பிறகு பழைய க்ளவுன் ஜோடியும் போயிற்று. அது வெல்வெட் நோய், அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. அந்த ஒட்டுண்ணி செவுளில்தான் முதலில் உட்காரும். உடம்பில் பொன்தூள் போலத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். நீரோட்டத்துக்குள் முகம் வைத்து நிற்பதும், வெளிச்சத்துக்கு ஒதுங்குவதும், செவுள் படபடப்பதுமே முன்னறிகுறி. மூன்றும் என் கண் முன்னால் இருந்தன. செவுளை எண்ணாமல் வந்தது என் தப்பு.

வெள்ளைப்புள்ளி நோயில் உப்புத் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும், பாறையில் உடம்பைத் தேய்க்கும். புள்ளி ஒன்றுமில்லாமல் தேய்த்துக்கொண்டு, தலையை உதறிக்கொண்டு ஓடினால் தட்டைப்புழுவாக இருக்கலாம். சூடும் பிஹெச்சும் பொருந்திய நன்னீரில், காற்றோட்டத்தோடு, பார்வையை எடுக்காமல் ஐந்து நிமிடம் வைத்தால் புழுக்கள் வெளுத்து உதிர்வது கண்ணுக்கே தெரியும்.

வெல்வெட்டோ வெள்ளைப்புள்ளியோ உறுதியானால் காப்பர் மருந்து தனித் தொட்டியில்தான். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி அளவைக் கெடுக்கும். இறாலும் நத்தையும் பவளமும் சாகும். எல்லா மீனையும் மாற்ற வேண்டும், நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறவற்றையும் சேர்த்து. பெரிய தொட்டி ஆறு வாரமாவது மீன் இல்லாமல் கிடக்கட்டும். காப்பர் அளவை டெஸ்ட் கிட் வைத்துத்தான் பார்க்க வேண்டும், மூடிக்கணக்கில் அல்ல.

மீன் நலமாக இருக்கிற ஒரு நாளில், சாப்பாட்டுக்கு முன், அது அமைதியாக நிற்கும் நேரம் பார்த்து ஒரு நிமிடம் செவுள் அடிப்பதை எண்ணி எங்காவது எழுதிவையுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக. அடுத்த முறை போன் செய்யும்போது நான் கேட்கப்போகும் முதல் எண் அதுதான்.