மத்திய அரசின் கலை ஃபெலோஷிப்: திட்டக்குறிப்பை எப்படி எழுதுவது?

மத்திய பண்பாட்டு அமைச்சகம் கலைத்துறையினருக்கு இரண்டு ஆண்டு ஃபெலோஷிப் தருகிறது. 25 முதல் 40 வயது வரை ஜூனியர், மாதம் 10,000 ரூபாய். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு சீனியர், மாதம் 20,000 ரூபாய். வகைக்கு 200 பேர் வரை எடுப்பார்கள். நாட்டியம், நாடகம், இசை, ஓவியம், இலக்கியம், நாட்டுப்புறக் கலை எல்லாம் இதில் அடங்கும். பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையால் கைதேர்ந்த கலைஞர்கள் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள், என்ன செய்ய. டெல்லியில் உள்ள சிசிஆர்டி என்ற பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையம்தான் இதைக் கவனிக்கிறது. விண்ணப்பம் இணையவழி.

சரி, என்ன ஆய்வு, எப்படிச் செய்யப்போகிறேன் என்று சொல்லும் திட்டக்குறிப்பை எழுதுவதற்கு வருவோம். இந்த ஃபெலோஷிப் கலைஞரின் சாதனைக்குத் தரும் விருது இல்லை, ஆய்வுக்குத் தரும் பணம். பயிற்சி கொடுக்க, பயிலரங்கு நடத்த, சுயசரிதையோ புனைகதையோ எழுத இதைக் கேட்க முடியாது. நான் படித்துப் பார்த்த குறிப்புகளில் பாதிக்கு மேல் தடுக்கி விழுந்தது இங்கேதான். எத்தனை மேடை ஏறினேன், யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்று இரண்டு பக்கம் ஓடும். செய்யப்போகும் வேலை கடைசிப் பத்தியில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

ஒரு தெருக்கூத்துக் கலைஞர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அழிந்துவரும் கூத்துக் கலையைப் பாதுகாத்தல்’ என்று தலைப்பு வைத்தால் நடுவருக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அதையே, கூத்தில் கதையை நடத்திக்கொண்டே வேடிக்கையும் பேசும் கட்டியங்காரனை வைத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘கட்டியங்காரன் விடிய விடியப் பேசுவதில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம் எவ்வளவு, அந்த இடத்திலேயே கட்டிப் பேசியது எவ்வளவு?’ இதற்கு விடை தேட ஆள் வேண்டும், ஒலிப்பதிவு வேண்டும், நேரம் வேண்டும். பணம் எதற்கு என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. இந்தக் கேள்வி கூத்தாடுபவருக்குத்தான் தோன்றும், நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது. உங்கள் மேடை அனுபவத்தை இந்த இடத்தில் சொன்னால் எடுபடும்.

அப்புறம் கால அட்டவணை. பணம் மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு தவணை. ஒவ்வொரு ஆறு மாத வேலைக்கும் அறிக்கை கொடுத்தால்தான் அடுத்தது நகரும். அதனால் வேலையையும் நாலாகப் பிரித்து எழுதுங்கள். முதல் ஆறு மாதம் மூன்று ஜமாக்களின், அதாவது கூத்துக் குழுக்களின், ஆட்டத்தைப் பதிவு செய்வது. அடுத்து, பேச்சை எழுத்தில் இறக்குவது. மூன்றாவதில், அந்தப் பிரதியை மூத்த கலைஞர்களிடம் வாசித்துக் காட்டி எது பழசு, எது புதுசு என்று குறித்துக்கொள்வது. கடைசியில் ஆய்வேடு. ‘பத்து மாவட்டக் கூத்து’ என்று ஆசையில் எழுதிவிட்டால் முதல் அறிக்கையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பெயர் விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், நிகழ்ச்சி நோட்டீஸில் வேறு பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்பின். விண்ணப்பத்தில் சான்றிதழில் உள்ள பெயரையே போடுங்கள். மேடைப் பெயரைத் தன்விவரக் குறிப்பின் முதல் வரியில் சொல்லிவிட்டால், இணைத்திருக்கும் செய்தித்தாள் நறுக்கில் இருப்பதும் நீங்கள்தான் என்று படிப்பவருக்குப் புரியும்.