ஓட்டத்துக்கு ஒரு கோப்புறை: தானியங்கிச் சோதனை அறிக்கைகள் அழியாமல் காப்பது எப்படி

இணையத்தளத்தைத் தானாகச் சோதிக்கும் நிரல், பயனர் ஒருவர் செய்வதையே செய்கிறது. உலாவியைத் திறக்கிறது, முகவரிக்குப் போகிறது, பெட்டிகளை நிரப்புகிறது, பொத்தானை அழுத்துகிறது, திரையில் வரவேண்டியது வந்ததா என்று பார்க்கிறது. 2004 இல் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடக்கிவைத்த செலினியம் என்ற கருவி இதற்கு வழி திறந்தது. மைக்ரோசொப்ட் 2020 இல் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவி இன்று பலரின் கையில் இருக்கிறது. சோதனையை எப்படி எழுதுவது என்று கற்பவர்கள், சோதனை முடிந்தபின் பிறக்கும் அறிக்கை எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் அதே கவனத்தோடு கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்களுக்கு ஆசனம் பதிவுசெய்யும் தளம் ஒன்றை இங்குள்ள சிறு குழு ஒன்று பராமரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பதிவுகள் குவியும் என்பதால், இரவுதோறும் சோதனைகள் தாமாக ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். பின்னிரவு 2.15 மணிக்கு ஓடியபோது, ஒரே ஆசனத்தை இருவர் ஒரே வேளையில் தெரிவுசெய்தால் ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்க வேண்டும் என்ற சோதனை தோற்றது. காலையில் வேலைக்கு வந்தவர் அறிக்கையைத் திறந்து பார்க்குமுன் இன்னொருமுறை ஓட்டினார். எல்லாச் சோதனைகளும் வென்று பச்சையாக வந்தன. இரவில் விழுந்த சிவப்புக் கோடும், தோற்ற கணத்தில் எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷொட்டும், சேவையகத்துக்குப் போய்வந்த கோரிக்கைகளின் தடமும் அந்தப் புதிய அறிக்கையின் கீழ் மறைந்துபோயின.

இத்தகைய பிழை எப்போதும் வருவதில்லை. இரண்டு கோரிக்கைகள் சில மில்லிசெக்கன் இடைவெளிக்குள் வந்து, முதலாவது பதிவு தரவுத்தளத்தில் உறுதியாகுமுன் இரண்டாவது அதே ஆசனத்தைக் காலியெனக் கண்டால்தான் அது தலைகாட்டும். ஆகவே தோற்ற ஓட்டத்தின் சான்றையும் வென்ற ஓட்டத்தின் சான்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அதைப் பிடிக்கும் வழி. நீரிழிவு நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் பழைய அளவை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால் வைத்தியரால் எதையும் கணிக்க முடியாதல்லவா?

பழையதன்மேல் புதியதை எழுதுவது கருவிகளின் கோளாறு அல்ல. அவற்றின் இயல்பான அமைப்பே அதுதான். பிளேரைட் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஸ்கிரீன்ஷொட், காணொளி, தடம் ஆகியவை சேரும் கோப்புறையைத் துடைத்துவிடுகிறது, எச்.டி.எம்.எல். அறிக்கைக்கான கோப்புறையையும் அவ்வாறே வெறுமையாக்கிய பின்னரே எழுதுகிறது. ரோபோட் பிரேம்வேர்க் என்ற இன்னொரு சோதனைக் கருவி தனது மூன்று வெளியீட்டுக் கோப்புகளையும் அதே பெயர்களில் திரும்ப எழுதுகிறது. ஜாவா மொழியில் எழுதுவோரில், நிரலைக் கட்டியமைக்கும் கருவியான மேவனைப் பயன்படுத்துவோருக்கு, சுத்தம் செய்யும் கட்டளை அறிக்கைகள் இருக்கும் கோப்புறையையே முழுதாக நீக்கிவிடும். வட்டு நிரம்பாமல் இருக்கவும், கடைசி அறிக்கை எப்போதும் ஒரே இடத்தில் கிடைக்கவும் இது உதவுகிறது. தனியொருவர் தன் மடிக்கணினியில் வேலை செய்யும்வரை இது போதும். இரவு ஓட்டம், குழு என்று வந்துவிட்டால் போதாது.

தீர்வு எளிது: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிப் பெயருடைய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அறிக்கையின் வெளியீட்டுப் பாதையை அதற்குத் திருப்ப வேண்டும். பெயர் எப்படி அமைகிறது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் என்ற வரிசையில், ஒற்றை இலக்கங்களுக்கு முன்னால் பூச்சியம் இட்டு, 2025-08-14_02-15-30 என்பதுபோல எழுதினால், பெயர்களை அகரவரிசையில் அடுக்கும்போதே அவை கால வரிசையிலும் நின்றுவிடும். நாளை முதலில் எழுதும் நமது வழக்கப்படி வைத்தால் ஓகஸ்ட் 1 உம் செப்டெம்பர் 1 உம் பக்கத்தில் வந்து நிற்கும். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையில் முக்காற்புள்ளி இடக்கூடாது. விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை.

நேர வலயம் இன்னொரு சிக்கல். மேகச் சேவையகங்கள், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள், பெரும்பாலும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் இயங்குகின்றன. இலங்கை அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறது. ஆகவே நமக்கு 14 ஆம் திகதி பின்னிரவு 2.15 ஆக இருக்கும்போது சேவையகம் 13 ஆம் திகதி 20.45 என்று எழுதும். எந்த நேரத்தை எடுத்தாலும் சரிதான். ஆனால் எல்லா இயந்திரங்களும் ஒன்றையே எடுக்க வேண்டும், அது எந்த வலயம் என்பதும் பெயரிலேயே தெரிய வேண்டும். கிட்ஹப் அக்‌ஷன்ஸ் போன்ற, சோதனைகளை மேகத்தில் தானாக ஓட்டும் சேவை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரும் எண்ணைப் பின்னால் சேர்த்துக்கொண்டால் இரு ஓட்டங்கள் ஒரே பெயரில் மோதுவதும் குறையும். அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தோற்ற ஓட்டத்தை அங்கேயே மறுபடி ஓடவிட்டால் ஓட்ட எண் மாறாது, முயற்சி எண்தான் கூடும். இரண்டையும் பெயரில் சேர்ப்பது நல்லது.

சோதனையின் பெயரையே உட்கோப்புறைக்கு வைப்போர் தமிழில் பெயரிடும்போது நீளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழின் ஒவ்வொரு யுனிகோட் குறியும், எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எப்-8 முறையில் 3 பைட் எடுக்கிறது. ‘கொ’ போன்ற உயிர்மெய் எழுத்து இரண்டு குறிகளால் ஆனது என்பதால் அதற்கு 6 பைட் வேண்டும். 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். சோதனைக்கு ஒரு சிறிய எண் கொடுத்து, முழுத் தமிழ்ப் பெயரை அறிக்கையின் உள்ளே வைப்பதையே நான் விரும்புகிறேன்.

பலரையும் குழப்பும் இடம் இனித்தான் வருகிறது. வேகத்துக்காகச் சோதனைகளைப் பல செயல்முறைகளில், அதாவது நிரலின் தனித்தனி இயக்கங்களில், ஒரே வேளையில் ஓட்டுகிறோம். பிளேரைட்டில் ஒவ்வொரு செயல்முறையும் அமைவுக் கோப்பைத் தானே ஒருமுறை படிக்கிறது. அந்தக் கோப்புக்குள் ‘இப்போதைய நேரத்தை எடு’ என்று எழுதியிருந்தால், முதன்மைச் செயல்முறைக்கு 02-15-30 என்றும், சற்றுப் பின்னால் தொடங்கும் செயல்முறைக்கு 02-15-32 என்றும் கிடைக்கும். ஒரே ஓட்டத்தின் படங்கள் இரண்டு மூன்று கோப்புறைகளில் சிதறிவிடும். பெயர் ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரேயொருமுறை தீர்மானிக்கப்பட வேண்டும். அதைச் சூழல் மாறி ஒன்றில் (நிரலுக்கும் அது தொடக்கும் பிற செயல்முறைகளுக்கும் தெரியும் பெயரிட்ட மதிப்பில்) இட்டுவைத்து, மாறி வெறுமையாக இருந்தால் மட்டும் புதிய நேரத்தை எடுக்கும்படி எழுதினால் போதும். பிள்ளைச் செயல்முறைகள் அந்த மாறியை மரபாகப் பெற்று, அதே பெயரையே பயன்படுத்தும்.

ஓட்டத்தின் கோப்புறைக்குள் அறிக்கைக்கு ஒன்றும், படங்களுக்கும் தடங்களுக்கும் ஒன்றுமாக இரு கோப்புறைகளை அருகருகே வைக்க வேண்டும். படங்களின் கோப்புறையை அறிக்கைக் கோப்புறைக்குள் வைத்தால், அறிக்கை எழுதப்படுமுன் நடக்கும் துடைப்பில் படங்களும் போய்விடும். அறிக்கையை மற்றவருக்கு அனுப்பும்போதும் கோப்புறையை முழுதாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். முதற்பக்கக் கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெறுபவருக்குப் படங்கள் தெரியாது.

சோதனை மேகத்தில் ஓடினால், அந்த இயந்திரம் வேலை முடிந்ததும் அழிக்கப்படும். கோப்புறை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், வெளியே எடுத்துச் சேமிக்காவிட்டால் பயனில்லை. கிட்ஹப் அக்‌ஷன்ஸில் ஒரு படி தோற்றால் அடுத்த படிகள் இயல்பாகவே கைவிடப்படுகின்றன. சோதனை தோற்ற இரவில் அறிக்கையைப் பதிவேற்றும் படியும் ஓடாது. அறிக்கை மிகவும் தேவைப்படும் இரவும் அதுதான். எந்த நிலையிலும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் படிக்கு வெளிப்படையாக எழுத வேண்டும். அவ்வாறு பதிவேறியவை அங்கே இயல்பாக 90 நாட்கள் இருக்கும்.

இரவுதோறும் சேரும் கோப்புறைகள் வட்டை நிரப்பும் என்ற அச்சம் நியாயமானது. காணொளிகளும் தடங்களுமே பெரும் இடத்தைப் பிடிப்பவை. தோற்ற சோதனைகளுக்கு மட்டும் அவற்றை வைத்திருக்கும்படி பிளேரைட்டில் அமைக்கலாம். வென்ற ஓட்டங்களின் கோப்புறைகளை இரண்டு வாரத்தில் நீக்கி, தோற்றவற்றை மூன்று மாதம் வைத்திருக்கும் சிறு நிரல் ஒன்றை ஓட்டத்தின் இறுதியில் சேர்த்துவிட்டால் போதுமானது. அது கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்க்காமல் கோப்புறைப் பெயரிலுள்ள திகதியைப் பார்த்து நீக்குவது பாதுகாப்பானது, ஏனெனில் வேறு வட்டுக்கு நகலெடுக்கும்போது மாற்ற நேரம் புதிதாகிவிடக்கூடும்.