முட்பூவில் உறையும் பால், அழிக்க முடியாத நீலம்

பால் உறைய வேண்டுமென்றால் நம் வீட்டில் ஒரு கரண்டி மோர் ஊற்றுவோம். போர்ச்சுகலின் செர்ரா ட எஸ்ட்ரெலா மலைப்பக்கம் அதற்கு ஒரு பிடி காய்ந்த பூவை எடுப்பார்கள். ஆர்டிசோக் செடிக்கு நெருங்கிய உறவான ஒரு முட்செடியில் பூக்கும் ஊதா நிறப் பூ அது. அங்கே அதற்குப் பெயர் கார்டு. பூவின் இழைகளை உப்போடு சேர்த்து நசுக்கி, துணியில் வைத்து, வெதுவெதுப்பான செம்மறியாட்டுப் பாலை அதன் வழியே ஊற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பால் கெட்டியாகிவிடும். அதிலிருந்துதான் அந்த மலையின் சீஸ் பிறக்கிறது. பால், உப்பு, பூ. இந்த மூன்றைத் தவிர நான்காவதாக ஒன்றும் அதில் சேராது.

லிஸ்பனுக்கோ போர்ட்டோவுக்கோ போகிறவர்கள் "அங்கிருந்து என்ன வாங்கி வரலாம், நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பதுண்டு. கடைப் பெயர்களை அடுக்குவதைவிட, அந்தப் பொருள் எப்படி உருவாகிறது என்று சொல்லிக்கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். நல்ல பொருளில் அதைச் செய்த விதம் தெரியும்படி பதிந்திருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் போதும், விற்பவரின் பேச்சை நம்பி இருக்க வேண்டியதில்லை.

சரி, அந்தப் பூ என்ன செய்கிறது? பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் கப்பா கேசீன் என்ற வகை, முடி முளைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முடிகளில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. நாம் மோர் ஊற்றும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்கி அந்த மின்னேற்றத்தை அடக்கிவிடுகின்றன. தள்ளுவதற்கு ஆளில்லாமல் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் தயிர். முட்பூவின் வழி வேறு. அதிலிருக்கும் கார்டோசின் என்ற நொதிகள் அந்த முடியையே வெட்டிவிடுகின்றன, அதுவும் புரதச் சங்கிலியின் 105-ஆவது, 106-ஆவது அமினோ அமிலங்களுக்கு நடுவே, குறி பார்த்து. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் இதே இடத்தில்தான் வெட்டுகிறது. ஆனால் ரென்னெட் அதோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பூவின் நொதி ஓய்வதில்லை. குளிர்ந்த, ஈரமான அறையில் சீஸ் வாரக்கணக்கில் முதிரும்போது மற்றக் கேசீன்களையும் நறுக்கிக்கொண்டே இருக்கிறது. வலைபோல் பின்னியிருந்த புரதம் தளர்ந்து, உட்பகுதி குழைந்து, வெண்ணெய்போல் ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் பிதுங்கி வழியாமல் இருக்கத்தான் சீஸைச் சுற்றி ஒரு துணிப்பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள்.

இதே பூவைப் பசும்பாலில் போட்டால் கசப்பு தட்டும். புரதம் நறுங்கும்போது உருவாகும் சில துண்டுகள் நாவுக்குக் கசக்கும். செம்மறியாட்டுப் பாலில் அந்தக் கசப்பு அவ்வளவாக எழுவதில்லை. அந்த மலையில் மேயும் ஆட்டினங்களும் அங்கே முளைக்கும் பூவும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தியது அவ்வூர் மக்களின் பாக்கியம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மாட்டு ரென்னெட் சேர்ந்தது என்பதற்காக ஐரோப்பிய சீஸ்களைத் தொடாத சைவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் தைரியமாகச் சாப்பிடக்கூடிய சீஸ் இது.

வாங்கும்போது முதலில் சிட்டையைப் படியுங்கள். செர்ரா ட எஸ்ட்ரெலா என்ற பெயரும் டி.ஓ.பி. என்ற முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் நாம் வாங்கியிருக்கிறோமே புவிசார் குறியீடு, அதைப் போன்றது இந்த முத்திரை. சீஸின் மேல்தோலிலேயே கேசீனால் செய்த ஒரு சின்ன வில்லை எண்ணோடு பதிந்திருக்கும். பாலின் புரதத்தாலேயே செய்த அடையாள அட்டை! "வெண்ணெய் போன்ற ஆட்டு சீஸ்" என்று பொதுவாக எழுதியிருப்பதெல்லாம் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இந்தச் சீஸாகிவிடாது. அப்புறம் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தோல் வெடிப்பில்லாமல் வைக்கோல் நிறத்தில் இருந்து, உள்ளே இளகிய மாவுபோல் அமுங்கினால் பதம் சரி. குறைந்தது 30 நாள் முதிர வைப்பது இது. 120 நாளைத் தாண்டியதை 'வெல்யு', அதாவது பழையது, என்பார்கள். கெட்டியாகவும் காரசாரமாகவும் இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வெட்டாதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தால்தான் குழையும். பரிசாகக் கொடுக்க முழுச் சீஸ் பெரிதாகத் தெரிந்தால், லிஸ்பனுக்குத் தெற்கே செய்யும் அசெய்டாவுங் இருக்கிறது. அதுவும் முட்பூவில் உறைவதுதான், கைக்கு அடக்கமான அளவில் கிடைக்கும். இரண்டுமே காய்ச்சாத பாலில் செய்பவை என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம். பால்பொருள் கொண்டுவர உங்கள் நாட்டுச் சுங்கம் அனுமதிக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலிவ் எண்ணெய்க்குத் தொண்டைதான் சோதனைச்சாலை. நல்ல எண்ணெயை ஒரு மடக்குக் குடித்தால் நாக்கில் காரம் அவ்வளவாகத் தெரியாது. விழுங்கிய பிறகு தொண்டையில்தான் சுருக்கென்று அது ஏறி இருமல் வரும். ஓலியோகாந்தல் என்ற பொருள் செய்யும் வேலை அது. வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் இபுப்ரோஃபென் மாத்திரையைக் கரைத்துக் குடித்தாலும் தொண்டையில் இதே எரிச்சல்தான் வரும். இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு போன ஆய்வாளர்கள், இரண்டும் உடலில் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று 2005-இல் வெளியிட்டார்கள். எண்ணெய் பழசாக ஆக அந்தக் காரமும் மங்கும். ஆகவே இருமல் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது எண்ணெய் புதிது என்பதற்கு அடையாளம். பச்சையாக இருந்தால் உயர்வு, மஞ்சளாக இருந்தால் மட்டம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் நிறம் தெரியாமலிருக்க அடர்நீலக் கண்ணாடிக் குவளையில்தான் ருசி பார்க்கிறார்கள். நிறமற்ற சீசாவில் வெளிச்சம் படும்படி அடுக்கியிருக்கும் எண்ணெயைத் தொடவே வேண்டாம். எண்ணெயிலிருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி, எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்கச் செய்துவிடும். எந்த ஆண்டு பறித்த காய் என்று போட்டிருக்கும் அடர்நிறச் சீசாவோ தகர டின்னோ வாங்குங்கள்.

மத்தி டப்பாக்கள் போர்ச்சுகல் கடைகளில் கண்ணைப் பறிக்கும். நம் மத்திக்கு நெருங்கிய உறவு அந்த மீன். அங்கே ஒரு பழமொழி உண்டு: புனித யோவான் திருநாளில் மத்தி ரொட்டியில் சொட்டும் என்று. அந்தத் திருநாள் ஜூன் 24. கோடையில் மீனில் கொழுப்பு ஏறி, சுடும்போது நெய் வடியும் என்பதுதான் பொருள். டப்பாவுக்கும் அந்தப் பருவத்து மீன்தான் அழகு. பழைய முறையில் மீனை முதலில் ஆவியில் வேகவைத்து, நீரை வடித்து, பிறகு கையால் அடுக்கி, எண்ணெய் ஊற்றி மூடுவார்கள். மூடியபின் அழுத்த நீராவியில், 100 டிகிரிக்கும் மேலான சூட்டில் வைக்கும்போது முள்ளுக்குள் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிவிடும். முள் பொடிப்பொடியாகி, சுண்ணாம்புச் சத்தோடு வயிற்றுக்குள் போய்விடும். டப்பாவில் உங்கள் பிறந்த ஆண்டும் பூ வேலைப்பாடும் அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 'அசெய்ட்' என்றிருந்தால் ஆலிவ் எண்ணெய். வெறும் 'ஓலியு' என்றிருந்தால் வேறு தாவர எண்ணெய்.

இனிக் கைவினைக்கு வருவோம். போர்ச்சுகல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீலமும் வெள்ளையுமான அசுலேஜு ஓடுகள்தான். போர்ட்டோவின் சாவுங் பென்டு ரயில் நிலையத்து முன்கூடத்தில், ஜோர்ஜ் கொலாசு தீட்டிய சுமார் 20,000 ஓடுகள் சுவர் முழுக்க நிற்கின்றன. போர்க்களமும் அறுவடையும் திருவிழாவும் ஒரே நீலத்தில். வண்டி பிடிக்க ஓடுகிறவர்கள்கூட ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஓட்டில் அந்த வெண்மை எப்படி வருகிறது? சுட்ட களிமண் வெள்ளை இல்லை. அதன் மேல் ஊற்றும் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடு கலந்திருக்கிறது. அது கண்ணாடியில் முழுதாகக் கரையாமல் நுண்ணிய படிகங்களாக நின்றுவிடும். கண்ணாடியைவிட அந்தப் படிகம் ஒளியை அதிகமாக வளைப்பதால், உள்ளே நுழையும் வெளிச்சம் படிகத்துக்குப் படிகம் மோதி எல்லாத் திசையிலும் சிதறித் திரும்பி வருகிறது. பாலும் மேகமும் வெள்ளையாகத் தெரிவது இப்படித்தான். இந்த வெண்மைக்குக் கீழே மண்ணின் நிறம் மறைந்துவிடும்.

ஓவியர் தூரிகையை வைக்கும் கணம்தான் இந்தத் தொழிலின் உயிர். பூச்சு ஊற்றிக் காய்ந்த ஓட்டின் மேற்பரப்பு, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பொடியாக இருக்கும். அதன் மேல் ஈரத் தூரிகை பட்டதும் தண்ணீர் 'சுர்'ரென்று உள்ளே இழுபட்டுவிடும். நிறம் விழுந்த இடத்தில் விழுந்ததுதான், அழித்து எழுத வழியே இல்லை. தயங்கி நின்றால் அங்கே திட்டு விழும். அதனால் முதலில் தாளில் படம் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, ஓட்டில் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டிக் குறி எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரே மூச்சில் கோடு. கோபால்ட் ஆக்சைடு சூளைக்குப் போகுமுன் கறுப்பு. சுமார் 1000 டிகிரி சூட்டில் பூச்சு உருகிக் கண்ணாடியாகும்போது கோபால்ட் அதில் கரைந்து, வெளிச்சத்தின் செம்மஞ்சள் பகுதியை விழுங்கி, நீலத்தை மட்டும் நமக்கு அனுப்புகிறது. துளியளவு போதும், ஓடு முழுக்க நீலமாகிவிடும்.

இந்த வேலையைத் தெரிந்துகொண்ட பிறகு கையால் தீட்டிய ஓட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். கோடு தொடங்கும் இடத்தில் நிறம் அடர்ந்தும், தூரிகை காயும் கடைசியில் வெளிறியும் இருக்கும். ஒரு கோட்டின் மேல் இன்னொன்று ஏறும் இடம் இன்னும் அடர்ந்திருக்கும். விளிம்பு கூர்மையாக நிற்காமல் கண்ணாடிக்குள் சற்றுக் கரைந்திருக்கும். ஒரே படம் போட்ட இரண்டு ஓடுகளைப் பக்கத்தில் வைத்தால் அச்சு அசலாக இருக்காது. அச்சடித்ததில் நீலம் ஒரே சீராக இருக்கும். கைபேசிக் கேமராவால் பெரிதாக்கிப் பார்த்தால் பல சமயம் புள்ளிப்புள்ளியாகத் தெரியும். நான் ஒருமுறை அவசரத்தில் வாங்கிய ஒரு குட்டி ஓட்டில், பாத்திரம் தேய்க்கும் நாரை இரண்டு தடவை ஓட்டியதும் படமே உரிந்து வந்தது. சூளையையே பார்க்காத ஓடு. சூளை கண்ட நீலம் கண்ணாடியின் உள்ளே இருக்கிறது, தேய்த்துப் போகாது.

மனம் வலிக்கும் ஒன்றும் உண்டு. பழைய கட்டடங்களின் சுவர்களிலிருந்து ஓடுகளைப் பெயர்த்துத் திருடி விற்கிறார்கள். இதைத் தடுக்க 2007-இல் 'எஸ்.ஓ.எஸ். அசுலேஜு' என்ற திட்டத்தை அந்நாட்டுக் குற்றப்புலனாய்வுக் காவல்துறையின் அருங்காட்சியகமே தொடங்கியது. சந்தையில் விரித்த துணியில், பின்பக்கம் சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய பழைய ஓடு மலிவாகக் கிடந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். எங்கோ ஒரு சுவரில் ஒரு பூ குறைந்திருக்கும். இன்றும் தீட்டுகிற கலைஞரிடம் புதியதை வாங்குங்கள்.

தங்கக் கம்பி வேலைக்கு வடக்கே கொண்டுமார், போவுவா ட லன்யோசு ஊர்கள் பேர்போனவை. மயிரிழைக் கம்பிகள் இரண்டை முறுக்கி, தட்டையாக்கி, சுருள் சுருளாகச் சட்டத்துக்குள் அடைத்து, நம் பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதுவதுபோலவே பொடி தூவிச் சுடரைக் காட்டுவார்கள். உருகிய பொடி, கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நுண்புழை விசையால் தானே ஓடி நிறையும். சுடர் ஒரு நொடி அதிகமாக நின்றால் கம்பியே உருகி எல்லாம் வீண். நாம் வேலைத் தலைவரை மேஸ்திரி என்கிறோமே, அது போர்ச்சுகீசியரின் 'மெஸ்ட்ரெ'தான்; இந்தப் பட்டறைகளில் அந்தச் சொல்லின் கனம் தெரியும். உருப்பெருக்கியில் பாருங்கள்: முறுக்கிய கம்பியின் ஓரத்தில் சீரான பல்வரிசை தெரியும். அச்சில் வார்த்த போலியில் அந்தப் பற்கள் மழுங்கி, சந்துகள் அடைத்துக் கிடக்கும். அந்நாட்டு மரபுத் தங்கம் 1000-க்கு 800 பங்கு, அதாவது 19.2 காரட். நம் 22 காரட்டோடு ஒப்பிட்டு மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசின் தர முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெட்டியில் கனமில்லாமல், உடையாமல், சுங்கத்தில் கேள்வி இல்லாமல் வரும் பரிசு வேண்டுமென்றால் தக்கை, அதாவது சீசா அடைக்கும் கார்க். ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை அது. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் விளைகிறது. 1665-இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது தக்கையின் அறைகளுக்குத்தான். ஒரு கன சென்டிமீட்டரில் கோடிக்கணக்கான அறைகள், ஒவ்வொன்றிலும் அடைபட்ட காற்று, சுவரில் நீர் புகாத, மெழுகு போன்ற சூபெரின். காற்று நிறைந்திருப்பதால் சூடு கடத்தாது. தொட்டால் கைக்கு இதமாக இருப்பது அதனால்தான். ரப்பரை மேலிருந்து அழுத்தினால் பக்கத்தில் பிதுங்கும், தக்கை பிதுங்காது. அறைகள் உள்ளுக்குள் மடிந்துகொள்ளும். தக்கைப் பையோ பணப்பையோ வாங்கும்போது, மரம் மூச்சுவிட்ட துளைகள் கருங்கோடுகளாக ஒழுங்கில்லாமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் அது தக்கை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக்.

மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். நட்டு 25 ஆண்டு ஆன பிறகு முதல் உரிப்பு. அந்தப் பட்டை கரடுமுரடு, சீசா அடைப்பானுக்கு ஆகாது. அதற்குப் பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறைதான் கத்தி படலாம் என்பது சட்டம். மூன்றாவது உரிப்பில்தான் நல்ல பட்டை வருகிறது. அதாவது நடுகிறவர் பெரும்பாலும் தன் பிள்ளைக்காகத்தான் நடுகிறார். மே முதல் ஆகஸ்ட் வரை, மரத்தில் நீரோட்டம் மிகுந்திருக்கும்போது, கோடாலியை உள்மரத்தில் படாமல் நிறுத்தத் தெரிந்த ஆட்கள் உரிக்கிறார்கள். உள்ளே பட்டால் அந்த இடத்தில் மறுபடி பட்டை வளராது. உரித்ததும் செக்கச்செவேலென்று நிற்கும் மரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதுவார்கள், அந்த ஆண்டின் கடைசி இலக்கம். அலென்டேஜு சமவெளியில் போகும்போது 5 என்று எழுதிய மரத்தைப் பார்த்தால், அது 2025-இல் உரித்தது. அடுத்து அதைத் தொடுவது 2034-இல்.