லென்ஸை நீட்டுவதற்கு முன் பிக்சலை எண்ணுங்கள்

தூரத்துப் பறவையைப் பெரிதாக எடுக்கும் ஆசையில், பின்கண்ணாடியில் கீறலோடு இன்னொரு 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்திருக்கிறது. காரணம் அதே பழைய கதை, பொருந்தாத டெலிகன்வெர்ட்டர்; லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி குவியத்தூரத்தை 1.4 மடங்கோ (1.4எக்ஸ்) 2 மடங்கோ (2எக்ஸ்) ஆக்கும் துண்டு. பல கன்வெர்ட்டர்களில் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு உள்ளே இடம் விட்டுச் செய்த லென்ஸில் மட்டும்தான் மாட்ட வேண்டும். சில ஜூம்களில் 300-இல் வைத்து மாட்டும்போது ஒன்றும் ஆகாது. 70-க்குத் திருப்பும்போது பின்கண்ணாடி பின்னால் வந்து இடிக்கும். தவறான லென்ஸ் ஏறாமலிருக்க நிக்கான் தன் கன்வெர்ட்டர்களில் ஒரு சிறு நாக்கே வைத்திருக்கிறது. அதை அரத்தால் ராவிவிட்டு மாட்டுகிறவர்களை என்ன செய்வது?

லென்ஸின் முன்னால் மரையில் திருகும் ‘2எக்ஸ்’ கண்ணாடி இன்னும் மோசம். முன்பகுதி சுழன்று ஃபோகஸ் ஆகும் கிட் லென்ஸில் (கேமராவோடு சேர்த்து விற்கும் மலிவு லென்ஸ்) அந்த எடையை இழுப்பது ஒரு குட்டி பிளாஸ்டிக் பல்சக்கரம். பல் போய்விட்டால் அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் வேறு லென்ஸே வாங்கிவிடலாம்.

இதற்கெல்லாம் வேர், ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ‘கிராப்’ சென்சார் கேமரா வைத்திருப்பவர்களின் ஒரே நம்பிக்கை: “என்னுடையது கிராப் சென்சார், 300 லென்ஸ் 450 ஆகிவிடும், இன்னொரு 2எக்ஸ் போட்டால் 900!” ஆகாது ஐயா. சென்சார் எதுவானாலும் லென்ஸ் அதன்மேல் விழவைக்கும் பிம்பத்தின் அளவு மாறாது. 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் 20 செ.மீ. பறவையின் பிம்பம் 300 எம்எம் லென்ஸில் 3 மி.மீ.தான். அந்த 3 மி.மீ.க்குள் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதே கேள்வி. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் (36 x 24 மி.மீ. சென்சார்) சுமார் 500. அதே 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் சுமார் 770. பார்த்தீர்களா, கிராப்தானே ஜெயித்தது என்பீர்கள். பழைய 12 மெகாபிக்சல் கிராப் கேமராவில் அது சுமார் 545தான். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் 690. ஆக, ஜெயிப்பது கிராப் அல்ல, பிக்சலின் நெருக்கம். பழைய பாடியை மாற்றி, செகண்ட்ஹேண்ட் விலையில் ஒரு 24 மெகாபிக்சல் கிராப் பாடி வாங்குவது, கன்வெர்ட்டரைவிட உருப்படியான ‘நீளம்’.

20 மீட்டரை 10 ஆக்கினால் அந்த 770 பிக்சல் 1,540 ஆகும், செலவே இல்லாமல். நடுவில் இருக்கும் காற்றும் குறையும்; வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் கானல் அலையை எந்த லென்ஸும் திருத்தாது. வண்டியை விட்டு இறங்காமல் காத்திருங்கள், பறவை தானாக நெருங்கும். ஆனால் கூட்டுப்பக்கம் மட்டும் போகாதீர்கள், தயவுசெய்து.

கன்வெர்ட்டர்தான் வேண்டும் என்றால், 300 எஃப் 4 போன்ற ஒற்றைக் குவியத்தூர லென்ஸில் அதே நிறுவனத்தின் 1.4எக்ஸ் (எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). 420 எம்எம், எஃப் 5.6 கிடைக்கும். ஒரு ஸ்டாப்தான், அதாவது பாதி வெளிச்சம்தான் இழப்பு. எஃப் 5.6 ஜூமில் 2எக்ஸ் போட்டால் எஃப் 11. உள்ளே கண்ணாடி மடங்கும் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் ஆட்டோஃபோகஸ் அங்கே கைவிரித்துவிடும். 1/1000 நொடியில் எடுத்த படம் 1/250-க்கு இறங்கும், இல்லையேல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800 என்பது 3200 ஆகும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பிடிக்கலாம். வெளிச்சம் எங்கிருந்து வரும்?

உண்மையில் 600 தேவைப்படுகிறவர்கள் சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களைப் பழையதாகத் தேடலாம். 600-இல் எஃப் 8 வைத்தால் கூர்மை கூடும். நிக்கான்காரர்களுக்கு 200-500 எஃப் 5.6. கேனான் ஆர்எஃப் 600, 800 இரண்டும் எஃப் 11-லேயே நிற்பவை. நல்ல வெயிலுக்கு மட்டும். 500 எஃப் 8 மிரர் லென்ஸ் மலிவுதான், ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஃபோகஸ், பின்னணியெங்கும் வடை வடையாக வளையம்.

பழையது வாங்கும்போது அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. “துடைத்தால் போய்விடும்” என்பவரிடம் வாங்காதீர்கள், அது கண்ணாடிப் பூச்சையே அரித்திருக்கலாம். 600-இல் ஒரே பொருளை ஃபிரேமின் நான்கு மூலையிலும் வைத்து எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. டிரைபாட் வளையம் கூட வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு கிலோ லென்ஸை கேமராவைப் பிடித்துத் தூக்கினால் மவுண்ட் திருகு தளரும். அடுத்து அந்த கேமராவும் இதே மேசைக்குத்தான் வரும்.