ரோபோட்டிக் கெய்ட் டிரெயினிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

நடக்கச் சிரமப்படுபவர்களை எந்திரத்தின் துணையோடு நடக்கப் பயிற்றும் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் 'ரோபோட்டிக் கெய்ட் டிரெயினிங்' என்று பெயர். அதை 'ரோபோ நடைப்பயிற்சி' என்று எழுதினால், ரோபோ ஒன்று விடியற்காலையில் கடற்கரையோரம் நடப்பதுபோல் தோன்றும். நடைப்பயிற்சி என்ற சொல்லைச் சர்க்கரை நோயாளிகள் எப்போதோ தமதாக்கிக்கொண்டார்கள்.

நடக்கும் விதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கெய்ட்', ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'காட்டா' வழி வந்தது. தெருவையும் வழியையும் குறித்த சொல், அதில் செல்லும் விதத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் 'நடை' ஒன்றே இரண்டுக்கும் போதும். இயன்முறை மருத்துவருக்கு வேண்டியது நடக்கும் விதம்: குதிகால் முதலில் ஊன்றுகிறதா, முழங்கால் எங்கே மடங்குகிறது என்பவை. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகள் சிலர் முன்பாதத்தில் மட்டும் ஊன்றி நடப்பார்கள். சிலருக்குத் தொடைகள் கத்தரிபோல் குறுக்கிட்டுக்கொள்ளும்.

இதற்கான கருவிகளில் பெயர்பெற்றது சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனத்தின் லோகோமேட். மேலிருந்து தொங்கும் கச்சை குழந்தையின் உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்கும். கால்களோடு பிணைத்த சட்டங்களில் உள்ள மோட்டார்கள் இடுப்பையும் முழங்காலையும் அசைக்க, கீழே ஓடுபட்டை (டிரெட்மில்) நகரும். சிறு கால்களுக்கெனத் தனிச் சட்டங்கள் உண்டு.

'ரோபோ' 1920இல் காரெல் சாப்பெக் எழுதிய செக் நாடகத்தில் பிறந்தது. 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. எல்லா உழைப்பையும் பொறியே செய்தால் குழந்தை வெறுமனே சவாரி செய்யும். அதனால் குழந்தையின் முயற்சி கூடக்கூட, பொறியின் உந்துவிசையைச் சிகிச்சையாளர் குறைத்துக்கொண்டே வருவார். பொறியின் வேலை நடப்பதல்ல, நடையைப் பயிற்றுவது. ஆகவே 'எந்திர நடைபயிற்றி' என்பேன். நடைவண்டி தந்த மொழிக்கு இது அந்நியமாக ஒலிக்காது.

சிக்கல் இத்தகைய சிகிச்சைகளுக்கான பொதுப்பெயராகிய 'ரிஹாபிலிட்டேஷன்' என்ற சொல்லில்தான். லத்தீனில் 'ரே' என்றால் மீண்டும், 'ஹாபிலிஸ்' என்றால் தகுதியுள்ள. தமிழ்நாட்டின் 'மறுவாழ்வு', இலங்கையின் 'புனர்வாழ்வு' இரண்டிலும் அந்த 'மீண்டும்' இருக்கிறது. பக்கவாதம் வந்த பெரியவருக்கு அது சரி. ஒருநாளும் நடந்திராத மூன்று வயதுக் குழந்தைக்கு எதை மீட்பது? 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 26ஆம் பிரிவின் தலைப்பிலேயே 'ஹாபிலிட்டேஷன்', 'ரிஹாபிலிட்டேஷன்' இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. முன்னது, இல்லாத திறனைப் புதிதாக வளர்ப்பது. அதற்குத் 'திறன்வளர்ப்பு' பொருந்தும். குழந்தைகளுக்கான சிகிச்சையை 'எந்திர நடைபயிற்றி வழித் திறன்வளர்ப்பு' என்று எழுதலாம். நீளம்தான், மருத்துவமனைப் பலகையில் 'நடைபயிற்றிப் பிரிவு' போதும்.