குடிக்காமலே தள்ளாடுகிறவர்

"எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் தள்ளாடி விழுந்தார். நாக்கு குழறியது. தூக்கிவிடப் போனவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். 'காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்திருக்காரு' என்று எல்லாரும் ஒதுங்கிவிட்டோம். பிறகு பார்த்தால் லோ சுகராம். சர்க்கரை குறைந்தால் மயக்கம் வரும், சரி. குடித்தவர் மாதிரியே ஏன் நடந்துகொள்கிறார்கள்?" திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இதே குழப்பம் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1984இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் கிரஹாம் என்ற சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. ஆரஞ்சு ஜூஸ் வாங்க நண்பரின் காரில் கடைக்குப் போனார். உள்ளே நீள வரிசை. அவசரமாக வெளியே வந்து காரில் ஏறினார். அந்த அவசரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட போலீஸ்காரர் காரை மறித்தார். கிரஹாம் இறங்கிக் காரைச் சுற்றி ஓடி, ஓரமாக உட்கார்ந்து மயங்கினார். 'இவருக்குச் சர்க்கரை நோய்' என்று நண்பர் சொல்லியும் போலீஸ்காரர்கள் கேட்கவில்லை. குடிபோதைதான் என்று முடிவுகட்டி விலங்கு மாட்டினார்கள். பையில் இருக்கும் நோயாளி அட்டையைப் பாருங்கள் என்று அவர் கெஞ்சியும் பலனில்லை. இன்னொரு நண்பர் கொண்டுவந்த ஆரஞ்சு ஜூஸையும் குடிக்க விடவில்லை. வீடு திரும்பியபோது அவர் பாத எலும்பு முறிந்திருந்தது. போலீஸ் பலப்பிரயோகம் நியாயமானதா என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் உரசிப் பார்ப்பது, 1989இல் அவர் வழக்கில் வந்த தீர்ப்பை வைத்துத்தான்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 100 மில்லிகிராம் சர்க்கரை என்று கணக்குப் போட்டால் மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. மூளையின் எடை உடலில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. மணிக்கு ஏறக்குறைய 5 கிராம் குளுக்கோஸ் தின்னும். சேமிப்பு என்று சொல்லும்படி அதனிடம் எதுவும் கிடையாது. நிமிஷத்துக்கு நிமிஷம் ரத்தத்திலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. மூளைக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. அங்கே கதவு எப்போதும் திறந்தே இருக்கும். தசையிலும் கொழுப்பிலும் உள்ள கதவுகளைத் திறக்கத்தான் இன்சுலின் வேண்டும். குடிநீர் வரும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால், நம் வீட்டுக் குழாயைத் திறந்து வைத்தும் சொட்டு வருவதில்லை அல்லவா? இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவரின் மூளை, மோட்டார் இல்லாத அந்த வீடு. சரி, பட்டினி கிடப்பவர் மூளை எப்படிச் சமாளிக்கிறது? கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் செய்து கொடுக்கும். அதிலும் மூளை ஓடும். ஆனால் இன்சுலின் அதிகமாக இருந்தால் அந்தத் தயாரிப்பும் நின்றுவிடும். எரிபொருளையும் பிடுங்கி, மாற்று வழியையும் அடைக்கிற ஹார்மோன் அது!

சர்க்கரை அதே டெசிலிட்டர் கணக்கில் 70க்குக் கீழே இறங்கும்போது உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும். குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. 50ஐ நெருங்கும்போது மூளையே தடுமாறும். முதலில் கைவிடுவது நிதானம், பேச்சு, நடை இவற்றைக் கவனிக்கும் மேல்தட்டுப் பகுதிகள். மூச்சைப் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆல்கஹாலும் முதலில் கை வைப்பது அதே நிதானத்தில், பேச்சில், நடையில்தான். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. பல வருஷம் சர்க்கரை நோயோடு இருப்பவர்களுக்கு அந்த முதல் எச்சரிக்கை மழுங்கிப்போவதும் உண்டு. வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லாமல் நேராகக் குழறலுக்கும் கோபத்துக்கும் போய்விடுவார்கள். உங்கள் பஸ் ஸ்டாண்ட் பெரியவர் திட்டியதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

வாயில் சாராய வாடை வந்தாலும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கத் தேவையான நிலைமையை, ஆல்கஹாலை உடைக்கும் வேலை கெடுத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் குடித்தவருக்கு லோ சுகரும் சேர்ந்தே வரலாம்.

சர்க்கரை இன்னும் இறங்கினால் வலிப்பு. நம் ஊரில் உடனே ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடிவருவார். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிஷத்தில் தானாக நிற்கிறது, பெயரை இரும்பு வாங்கிக்கொள்கிறது. 1920களின் தொடக்கத்தில் டொரண்டோவில் நடந்த சோதனைகளில் இன்சுலின் சாறு அதிகமான முயல்களுக்கு வலிப்பு வந்தது. அவற்றை எழுப்பியது குளுக்கோஸ்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சில நொடியில் விடை தெரிந்துவிடும். குளுக்கோமீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாயால் ஊதச் சொல்லும் கருவியை வாங்கித் தருகிற அரசு, ரோந்து வண்டிகளுக்கு இதையும் வாங்கித் தந்தால் என்ன? பெரிய ஆராய்ச்சி நிதியெல்லாம் தேவைப்படாத காரியம் இது.

கருவி இல்லையா? நினைவிருந்து விழுங்க முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். "சுகர் உள்ளவருக்கே சர்க்கரையா?" என்று தயங்க வேண்டாம். ஒருவேளை சர்க்கரை கூடித்தான் இருந்தாலும் அந்த மூன்று ஸ்பூனால் பெரிய கேடு வந்துவிடாது. குறைந்திருந்து கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்தவர் தெளிந்து எழுந்து "ஒண்ணுமில்லப்பா, நான் போயிக்கிறேன்" என்பார். அப்போதும் ஏதாவது சாப்பிட வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை என்றால் அதன் வேலை பல மணி நேரம் நீடிக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் அதிக நேரம். குடித்த சர்க்கரை தீர்ந்ததும் மறுபடி இறங்கும்.